மூக்குக்கு 40 சேக்கல், பல்லுக்கு 2: பெங்களூரில் ஒரு களிமண் பட்டறை

நாலாயிரம் வருடத்துக்கு முந்தைய சுமேரிய (இன்றைய தெற்கு இராக்) சட்டத்தைக் களிமண் பலகையில் எழுதக் கற்றுத்தந்த பட்டறைக்கு என் மார்க் ஐந்துக்கு மூன்றரை. மண்ணுக்கும் அந்த மண்ணைப் பிசைந்து கொடுத்த அக்காவுக்கும் முழு மார்க் போட்டுவிடலாம், விளக்கம் சொன்ன தம்பிக்கு இரண்டுக்கு மேல் போட மனசு வரவில்லை, சுட்டுத் தருகிறோம் என்று சொல்லி ஐந்து வாரம் இழுத்தடித்ததற்குத் தனியாக ஒரு வெட்டு, எல்லாம் கூட்டிக் கழித்தால் மூன்றரைதான் வருகிறது. இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. புதிதாகத் தொடங்கியவர்கள், பெயரைப் போட்டுப் பிழைப்பைக் கெடுக்க வேண்டாம். இந்த மாதிரி ஞாயிற்றுக்கிழமைப் பட்டறைகள் இப்போது பெங்களூரில் தெருவுக்குத் தெரு முளைத்திருக்கின்றன, நீங்கள் எங்கே போனாலும் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

பென்சன் டவுன் பக்கம் ஒரு பழைய வீட்டு மாடி. மற்ற நாட்களில் கப்பும் கிண்ணமும் செய்யக் கற்றுத்தருகிறார்கள், மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் "உலகின் முதல் சட்டத்தை நீங்களே எழுதுங்கள்" என்று ஒரு வகுப்பு. காலை பத்திலிருந்து ஒன்றரை வரை. பெரியவர்களுக்கு 1,800 ரூபாய், பன்னிரண்டு வயது வரை 1,200, மண், குச்சி, காபி, பிஸ்கட் சேர்த்து. எழுதிய பலகையைச் சூளையில் சுட்டு வீட்டுக்கு அனுப்ப வேண்டுமானால் ஒன்றுக்கு 300 தனி. என் மகள் ஏழாம் வகுப்பு, அவள்தான் போஸ்டரைப் பார்த்துவிட்டு நச்சரித்தாள்.

நானும் சும்மா போகவில்லை. அல்சூரில் பதினான்கு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், ஜெராக்ஸ் என்பது போர்டில் மட்டும்தான், சோறு போடுவது வாடகை அக்ரிமெண்ட். பதினோரு மாதம், அட்வான்ஸ் இவ்வளவு, காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்ளப்படும், இந்த வரிகளை இங்கிலீஷிலும் கன்னடத்திலும் எத்தனை ஆயிரம் தடவை அடித்திருப்பேனோ தெரியாது. ஆகவே நாலாயிரம் வருடத்துக்கு முன்னால் இதே வேலையைப் பார்த்தவன் எப்படிப் பார்த்தான் என்று ஒரு தொழில் ஆர்வம் இருந்தது.

போஸ்டரிலேயே முதல் கோளாறு. கறுப்புக் கல்லில் ஒரு தாடிக்காரர் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்க, எதிரே இன்னொரு தாடிக்காரர் பணிவாக நிற்கும் படம். நிற்பவர்தான் ஹம்முராபி. பாபிலோன் அரசர், சுமேரியர் இல்லை. மொழி அக்காடியன், சுமேரிய மொழி இல்லை. இரண்டு மீட்டருக்கு மேல் உயரமான கல்தூண், களிமண் இல்லை. 1901-ல் ஈரானில் உள்ள சூசாவில் கிடைத்து இப்போது பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. காலம் கி.மு. 1750 வாக்கில். இந்த வகுப்பில் நாங்கள் எழுதப்போனது உர்-நம்மு என்ற சுமேரிய அரசர் பெயரில் வழங்கும் சட்டம், அது கி.மு. 2100 வாக்கில் உள்ளது, அதாவது மூன்றரை நூற்றாண்டு முன்னது. கம்பராமாயண வகுப்புக்குப் பாரதியார் படம் போட்ட மாதிரி. போஸ்டர் அடித்தவர் வேறு, வகுப்பு எடுப்பவர் வேறு என்று தம்பி சமாளித்தார், சரி, போகட்டும் என்று விட்டேன்.

விட்டிருக்கக் கூடாது, ஏனென்றால் அடுத்த அரை மணி நேரம் அவர் திரையில் காட்டியதில் பாதி ஹம்முராபிதான். கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல், வீடு இடிந்து வீட்டுக்காரன் செத்தால் கட்டியவனுக்கு மரண தண்டனை, எல்லாம் சுவாரசியம்தான், ஆனால் நான் 1,800 கொடுத்தது அதற்கு இல்லையே. உர்-நம்முவின் தனித்தன்மையே அங்கேதான் இருக்கிறது. கொலைக்குக் கொலைதான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் அடிதடி, காயம் என்று வந்தால் பதிலுக்கு உடம்பில் கை வைப்பதில்லை, வெள்ளியை எடை போட்டுக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பழைய சட்டத்தில் அபராதம், அதற்குப் பின்னால் வந்த சட்டத்தில் பழிக்குப் பழி. நாகரிகம் ஏணிப்படி மாதிரி மேலேதான் ஏறும் என்று நினைப்பவர்களுக்கு இது உறுத்தும். எனக்கும் உறுத்தியது. இதைச் சொல்லியிருந்தாலே அரை மணி நேரம் அருமையாகப் போயிருக்கும். நான் வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ராத்திரி உட்கார்ந்து படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்தது தமிழர்களுக்கென்றே வைத்திருந்த ஐட்டம். வகுப்பில் பன்னிரண்டு பேர், நாங்கள் உட்பட ஐந்து பேர் தமிழ் என்று தெரிந்ததும் தம்பிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஊர் என்பது தமிழ்ச் சொல்தானே, அந்த ஊரின் அரசர்தான் ஊர் நம்மு, சுமேரியர்கள் தமிழர்களே" என்று போட்டார் ஒரு போடு. பின் வரிசையில் கைதட்டல் வேறு. அய்யா, அந்த நகரத்தைச் சுமேரியர்கள் உரிம் என்றுதான் அழைத்தார்கள், ஊர் என்பது பின்னால் வந்த உச்சரிப்பு. அரசர் பெயரில் இருக்கும் உர் வேறு சொல், நம்மு என்ற பெண்தெய்வத்தின் ஆள், வீரன் என்கிற மாதிரிப் பொருள், நகரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சுமேரிய மொழிக்கு உறவு மொழி எது என்று இன்றுவரை யாரும் நிறுவவில்லை. நம் பெருமைக்கு நம்மிடமே வேண்டிய சரக்கு இருக்கிறது, உத்திரமேரூர்க் கோயில் சுவரில் யார் தேர்தலில் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று பத்தாம் நூற்றாண்டிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள், அதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கலாம்.

புலம்பல் போதும். மண்ணுக்கு வருகிறேன், ஏனென்றால் கொடுத்த காசு அங்கேதான் செரித்தது.

உள்ளறையில் ஒரு அக்கா உட்கார்ந்து மண் பிசைந்துகொண்டிருந்தார். பாட்டரி டவுன்காரர், வீட்டில் மூன்று தலைமுறையாகச் சட்டி பானை வேலை, இங்கே ஞாயிறு மட்டும் வருகிறார். நல்ல தமிழ். ஊற வைத்து, கரைத்து, துணியில் வடிகட்டி, கல்லும் வேரும் போன பிறகு வைத்திருந்த மண், வெண்ணெய் மாதிரி இருந்தது. அள்ளிக் கையில் வைத்தார். "கையில ஒட்டுச்சுன்னா தண்ணி ஜாஸ்தி, ஓரம் விரிஞ்சதுன்னா கம்மி, ரெண்டும் இல்லாம காது மடல் மாதிரி இருக்கணும் தம்பி." அந்தக் காது மடல் கணக்கு எந்த வீடியோவிலும் வராது. என் மகள் உடனே தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பலகை என்றதும் சிலேட்டு மாதிரி பெரிதாக நினைத்துக்கொண்டு போனேன். இல்லை, ஒரு சோப்புக்கட்டி அளவு, உள்ளங்கையில் அடங்கும், நடுவில் லேசாகப் புடைத்திருக்கும். ஒரு கையில் அதை ஏந்திக்கொண்டு மறு கையால் எழுத வேண்டும், மேஜை தேவையில்லை. போஸ்டரில் நாணல் குச்சி என்று போட்டிருந்தார்கள், நாணல் நான்கு பேருக்குத்தான் தேறியது, மீதிப் பேருக்குச் சீன ஹோட்டலில் நூடுல்ஸுக்குக் கொடுப்பார்களே, அந்தச் சதுரக் குச்சி. முகம் சுளித்தேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், அதன் முனை நாணலைவிடச் சுத்தமாகப் பதிகிறது. குச்சியின் மூலையைச் சாய்த்து மண்ணில் அழுத்தி எடுத்தால் தலை அகலமாகவும் வால் ஒல்லியாகவும் ஒரு ஆப்பு. நிற்கும் ஆப்பு, படுத்த ஆப்பு, சாய்ந்த ஆப்பு, வெறும் மூலையை மட்டும் குத்தினால் கொக்கி மாதிரி ஒன்று, மொத்தச் சங்கதியும் இவ்வளவுதான். ஆப்பெழுத்து என்ற பெயருக்கு இப்போதுதான் எனக்கு அர்த்தம் விளங்கியது.

கை கேட்கவில்லை. நமக்குக் குச்சியைப் பிடித்தால் இழுக்கத்தான் வரும், இங்கே இழுத்தால் மண் உழுத நிலம் மாதிரி கிளறிக்கொள்கிறது. குத்து, எடு, குத்து, எடு. ஓலையில் நம் ஆட்கள் எழுத்தாணியால் கீறினார்கள், நேர்க்கோடு போட்டால் ஓலை கிழியும் என்பதால் எழுத்து வளைந்துகொண்டது என்று சொல்வார்கள். மண்ணில் நேர் எதிர், வளைவுதான் ஆகாது. பின்பக்கம் எழுதப் புரட்டும்போது புத்தகம் மாதிரிப் பக்கவாட்டில் புரட்டக் கூடாது, நாள்காட்டித் தாளைத் தூக்குவது போலக் கீழிருந்து மேலாகப் புரட்ட வேண்டும் என்றார் தம்பி. இதைச் சரியாகத்தான் சொன்னார்.

எழுத மூன்று சட்டம் கொடுத்தார்கள், எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். பல்லை உடைத்தவன் 2 சேக்கல் வெள்ளி தர வேண்டும். மூக்கை அறுத்தவன் மூன்றில் இரண்டு மீனா. சாட்சி சொல்ல வந்து பொய் என்று நிரூபணமானால் 15 சேக்கல். மகள் பல்லை எடுத்துக்கொண்டாள், கடைவாயில் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது காரணம். நான் பொய்ச் சாட்சியை எடுத்தேன், காரணம் சொல்ல வேண்டியதில்லை, என் கடை இருக்கும் இடம் அப்படி.

சேக்கல் என்றால் எவ்வளவு என்று அங்கே யாரும் விளக்கவில்லை, இதற்குத்தான் எனக்கு உண்மையிலேயே கோபம். ஒரு சேக்கல் சுமார் 8.3 கிராம். 60 சேக்கல் ஒரு மீனா, கிட்டத்தட்ட அரை கிலோ. 8 கிராம் என்றதும் தமிழ்நாட்டுக் குடும்பத்துக்குச் சட்டென்று புரியும், ஒரு சவரன். ஆக, பல்லுக்கு இரண்டு சவரன் எடை வெள்ளி, மூக்குக்கு ஏறக்குறைய நாற்பது சவரன் எடை, சுமார் 330 கிராம். காலைத் துண்டித்தால் பத்துதான். மூக்கு காலைவிட நாலு மடங்கு விலை! தடியால் எலும்பை நொறுக்கினால் முழு ஒரு மீனா. முதல் தாரத்தை விலக்கி வைத்தால் அவளுக்கு ஒரு மீனா, விதவையாக வந்தவளை விலக்கினால் அரை மீனா. வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசில் மனைவியின் பழைய கொலுசு, குங்குமச் சிமிழ் எல்லாம் போட்டு இந்த எடைகளைக் காட்டியபோதுதான் மகளுக்கு விஷயம் பிடிபட்டது. ஒரு தராசையும் நாலு படிக்கல்லையும் அந்த வகுப்பில் வைத்திருந்தால் திரையில் ஓடிய நாற்பது படமும் தேவைப்பட்டிருக்காது. அந்தச் சட்டத்தின் முன்னுரையே எடை அளவைப் பற்றித்தான் பேசுகிறது, வெண்கலத்தில் சிலா அளவுப் படி செய்தேன், மீனா எடைக்கல்லை ஒழுங்குபடுத்தினேன், சேக்கலை அதோடு பொருத்தினேன் என்கிறது. சிலா என்பது நம் லிட்டர் அளவு. எடைக்கல் சரியாக இல்லாத ஊரில் அபராதம் எழுதி என்ன பயன், அதனால் முதலில் எடைக்கல், பிறகு சட்டம். அதே முன்னுரையில்தான் அநாதையைப் பணக்காரனிடமும் விதவையை வலியவனிடமும் ஒரு சேக்கல்காரனை ஒரு மீனாக்காரனிடமும் விட்டுவிடவில்லை என்ற வாசகம் வருகிறது. அறுபதில் ஒரு பங்கு வைத்திருப்பவன் என்று ஏழையைச் சொல்வதற்கு எடைக்கல்லையே எடுத்துக்கொண்ட விதம் எனக்கு மிகவும் பிடித்தது.

ரொம்பவும் புல்லரித்துவிட வேண்டாம், அதே சட்டத்தில் எஜமானிக்குச் சரிசமமாக வாய் பேசிய அடிமைப் பெண்ணின் வாயை ஒரு சிலா உப்பால் தேய்க்கச் சொல்லும் பிரிவும் இருக்கிறது. ஒரு லிட்டர் உப்பு. ஓடிப்போன அடிமையைப் பிடித்துக் கொண்டுவந்தவனுக்கு 2 சேக்கல், ஒரு பல்லின் விலை. கையேட்டில் அநாதை, விதவை வரியைப் பெரிதாக அச்சடித்தவர்கள் இந்த இரண்டையும் போடவில்லை. குழந்தைகள் வருகிறார்கள் என்று விட்டிருக்கலாம். மூக்கறுப்பதைப் போட்டவர்களுக்கு இது மட்டும் என்ன கூச்சம்?

எழுதும்போது ஒரு விஷயம் கையில் தட்டுப்பட்டது. ஒவ்வொரு சட்டமும் துக்கும்பி என்ற சொல்லில் ஆரம்பிக்கிறது, 'செய்தால்', 'என்றால்' என்று நாம் வாக்கியத்தின் வாலில் ஒட்டுவதை அவர்கள் தலையில் வைக்கிறார்கள். துக்கும்பி, ஒருவன் இப்படிச் செய்தான், இவ்வளவு எடை போட்டுத் தரட்டும். முடிந்தது. காரணம் இல்லை, விளக்கம் இல்லை, 'மேற்படி நபரோ அவரது வாரிசுகளோ பிரதிநிதிகளோ' இல்லை. ஏன் இவ்வளவு சுருக்கம் என்பது அரை மணி நேரம் குத்திய பிறகு என் கட்டைவிரல் சொன்னது. மண் காய்ந்துகொண்டே வருகிறது, ஓரத்தில் விரிசல் விடுகிறது, ஈரத்துணி போட்டு மூடி மூடி எழுத வேண்டும், பலகையோ உள்ளங்கை அளவு. கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டினால் நாலு பக்கம் ஒட்டிக்கொள்ளும் எங்கள் அக்ரிமெண்ட் எல்லாம் ஈரமண்ணில் அடிக்க வேண்டியிருந்தால் ஒன்றரை வரிதான் தேறும், பெயிண்டிங் வரி நிச்சயமாக இருக்காது.

இதெல்லாம் நமக்குக் கிடைத்த வழி இன்னும் வேடிக்கை. உர்-நம்மு காலத்து மூலப் பலகை என்று நம் கையில் இருப்பது குறைவு, சட்டம் பெரும்பாலும் தெரியவருவது சில நூற்றாண்டு கழித்துப் பள்ளிப் பிள்ளைகளும் எழுத்தர்களும் பார்த்து எழுதிய படிகளிலிருந்து. எழுத்துப் பள்ளிக்கு எதுபா என்று பெயர், பலகை வீடு என்று பொருள். பார்த்துப் பார்த்து எழுதிப் பழகிய வீட்டுப்பாடம்தான் சட்டத்தைக் காப்பாற்றியது. நிப்பூர் என்ற பழைய சுமேரிய நகரத்தில் கிடைத்த ஒரு உடைந்த பலகை, 20-க்கு 10 செ.மீ., இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் எண் 3191 என்று கிடந்தது, க்ராவுஸ் என்ற அறிஞர் கடிதம் எழுதி அதைப் பார்க்கச் சொன்னார், 1952-ல் சுமேரிய மொழி அறிஞர் சாமுவேல் நோவா கிராமர் உட்கார்ந்து படித்தார். முன்னுரையும் ஐந்து சட்டமும்தான் அப்போது தேறின. ஊர் நகரத்தில் தோண்டிய வேறு துண்டுகள் 1965-ல் சேர்ந்த பிறகுதான் பட்டியல் நீண்டது. என் மகளிடம் சொன்னேன், வீட்டுப்பாடத்தைத் தூக்கி எறியாதே என்று. அவள் கேட்டாள், "அப்போ மிஸ் திருத்தினதும் வரும்ல அப்பா?" வரும். பயிற்சிக்கென்று பன் மாதிரி உருண்டையான பலகை உண்டு, ஆசிரியர் ஒரு வரி எழுத மாணவன் பார்த்து எழுதுவான், கோணல்மாணலாக.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் லிபித்-இஷ்தர் சட்டத்திலிருந்து சில பிரிவு இருந்தது. இசின் நகரத்து அரசர், கி.மு. 1930 வாக்கில், இதுவும் சுமேரிய மொழிதான். தம்பி நேரமில்லை என்று தாண்டிவிட்டார், பெங்களூர்க்காரனுக்கு மிக வேண்டிய சட்டமே அதில்தான் இருந்தது. பக்கத்து மனை சும்மா கிடக்கிறது, அதன் வழியாக என் வீட்டுக்குள் ஆள் நுழைவான், உன் இடத்தைப் பலப்படுத்து என்று மனைக்காரனிடம் சொல்லியாகிவிட்டது, அவன் கேட்கவில்லை, திருடு போனது, என்றால் போனதை அந்த மனைக்காரன் ஈடுகட்ட வேண்டும். முப்பதுக்கு நாற்பது சைட்டை வாங்கிப் போட்டுவிட்டு வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கிறவர்கள், கருவேலம் போல அங்கே குப்பையும் பாம்பும் வளரும்போது ஒரு போனைக்கூட எடுக்காதவர்கள், இவர்களுக்கெல்லாம் இதை லேமினேட் செய்து அனுப்ப ஆசை. இன்னொன்று வாடகை மாடு. கண்ணைக் கெடுத்தால் மாட்டு விலையில் பாதி, கொம்பை ஒடித்தால் கால்வாசி, வாலுக்கும் கால்வாசி. வாடகை பைக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது கீறலுக்குக் கீறல் போட்டோ எடுத்துக் காசு பிடிக்கிறார்களே, அதன் கொள்ளுத்தாத்தா.

இப்போது அன்றைக்கு நடந்ததிலேயே சிறந்த இருபது நிமிடம். மண் உறை. ஒப்பந்தம் எழுதிய சின்னப் பலகையை மெல்லிய மண் தகட்டால் சுற்றி மூடிவிடுவது, மூடிய உறையின் மேலும் அதே வாசகத்தை எழுதி, சாட்சிகளின் பெயரைப் போட்டு, உருளை முத்திரையை உருட்டிவிடுவது. மேலே இருப்பதை எவனாவது திருத்தினால், வழக்கு வரும்போது உறையை உடைத்து உள்ளே இருப்பதைப் பார்க்கலாம். ஒரிஜினலும் டூப்ளிகேட்டும் ஒன்றுக்குள் ஒன்று. பதினான்கு வருடமாக "சார், ரெண்டு காப்பி, ஆளுக்கு ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டிருக்கிற எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, மிகைப்படுத்தவில்லை. அக்கா முந்தின வாரமே செய்து காயவைத்திருந்த பலகைகளை எடுத்துக் கொடுத்தார், ஈரத்தின் மேல் ஈரத்தைச் சுற்றினால் இரண்டும் ஒட்டி ஒரே உருண்டையாகிவிடும், உள்ளே இருப்பது காய்ந்திருக்க வேண்டும். மேலே காய்ந்த மண்தூளைப் பவுடர் மாதிரி தடவி, சப்பாத்தி மாதிரி தகட்டைப் போட்டுச் சுற்றி, ஓரத்தை எச்சில் தொட்டு அமுக்கினார். "எச்சிலா ஆன்ட்டி?" என்றாள் மகள். "தண்ணி வழுக்கிடும் கண்ணு, இது ஒட்டும்." உருளை முத்திரை மட்டும் பிளாஸ்டிக், யானை படம் போட்டது, எங்கே வாங்கினார்களோ. உருட்டும்போது நாலு யானை வரிசையாக வந்தது, மகளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

சட்டம் ஒரு பக்கம் இருக்க, வழக்குகளையும் அவர்கள் பதிந்து வைத்தார்கள். கிர்சு என்ற சுமேரிய நகரத்தில் உர்-நம்மு வம்சத்துக் காலத்து வழக்குப் பலகைகள் நிறையக் கிடைத்திருக்கின்றன, தி-தில்-லா என்று பெயர், வழக்கு முடிந்தது என்று அர்த்தம். அவற்றில் இன்ன அரசரின் சட்டத்தில் இத்தனையாவது பிரிவின்படி என்று எடுத்துக்காட்டுவதில்லை, யார் சொன்னார்கள், யார் சத்தியம் செய்தார்கள், என்ன முடிவு, அவ்வளவுதான். சட்டம் ஒரு பக்கம், நடைமுறை ஒரு பக்கம் என்பது அன்றைக்கும் போலிருக்கிறது. என் வாடிக்கையாளர் ஒருவர் அட்வான்ஸ் பணத்துக்காக மூன்று வருடமாக நடந்துகொண்டிருக்கிறார், அவரிடம் இந்தத் தி-தில்-லா என்ற வார்த்தையைச் சொன்னேன், இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு நல்லா இருக்கு சார் என்றார்.

இனி 300 ரூபாய் விவகாரம். சுட்டுத் தரச் சொல்லி இரண்டு பலகைக்கும் 600 கட்டினேன். அக்கா அப்போதே காதில் போட்டார், "எதுக்குத் தம்பி, நிழல்ல காய வச்சா போதும், நீங்க என்ன தண்ணியா ஊத்தி வைக்கப் போறீங்க." பின்னால் படித்ததில் அவர் சொன்னதுதான் சரி, சுமேரியர்களும் பெரும்பாலும் சுடவில்லை, காயத்தான் வைத்தார்கள், நிறையப் பலகைகள் சுட்ட மாதிரி இருப்பதற்குக் காரணம் கட்டடம் தீப்பிடித்தது அல்லது பிற்பாடு அருங்காட்சியகத்தில் சுட்டது. நான் கேட்கவில்லை, கட்டிவிட்டேன். பத்து நாளில் வரும் என்றார்கள். மூன்றாவது வாரம் போன் செய்தேன், மழை, காயவில்லை. நான்காவது வாரம், சூளை நிரம்பவில்லை. ஐந்தாவது வாரம் பெட்டி வந்தது, திறந்தால் மகளின் பல் பலகை முழுசாக, என் பொய்ச் சாட்சி பாதிதான். நான் தடிமனாகச் செய்துவிட்டேன், உள்ளே ஈரம் இருந்திருக்கிறது, சூட்டில் வெடித்துவிட்டது, மண் வேலையில் சகஜம் என்று எனக்கும் தெரியும். என் மனக்குறை வெடித்ததில் இல்லை. மீதித் துண்டுகளைக் குப்பையில் போட்டுவிட்டார்களாம், அதைச் சொல்லவும் இல்லை, 300-ஐத் திருப்பித் தரவும் இல்லை, அடுத்த வகுப்பில் பத்து சதவீதம் தள்ளுபடி என்று ஒரு சீட்டு வைத்திருந்தார்கள். கிராமர் இஸ்தான்புல்லில் உட்கார்ந்தது உடைந்த பலகையின் முன்னால்தான், உடைசலை யாரும் கொட்டிவிடவில்லையே, அதை இவர்களிடம் சொல்லி என்ன பயன்.

பாதிப் பலகையில் ஒருவன் சாட்சியாக வந்தான் என்பது வரை இருக்கிறது, பொய் என்று நிரூபணமானதும் அபராதமும் போய்விட்டன. கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டாம்ப் பேப்பர் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் வறட்டியா, கருப்பட்டியா என்று கேட்கிறார்கள்.

போவதாக இருந்தால்: பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள், இந்த மண்ணின் கறை இரண்டு துவைப்புக்குப் போகவில்லை. வண்டி நிறுத்த இடம் கிடையாது, ஆட்டோவில் போங்கள். காபி சுமார், பிஸ்கட் பரவாயில்லை. எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு முதல் அரை மணி நேரம் தாங்காது, பத்தரைக்கு மேல் போனாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது. நாணல் குச்சிக்கு அடித்துக்கொள்ளாதீர்கள், சதுரக் குச்சியை எடுங்கள், பலகையை விரல் தடிமனுக்கு மேல் செய்யாதீர்கள், சுடக் கொடுக்காதீர்கள். மண் உறை உண்டா என்று முன்கூட்டியே போனில் கேளுங்கள், எல்லா மாதமும் செய்வதில்லையாம். மதியமும் ஒரு பேட்ச் வைக்கப் போவதாகச் சொன்னார்கள், அதற்குப் பதியாதீர்கள், அக்கா ஒரு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுகிறார்.